டயர் தேயவில்லை, ஆனால் 2013ஆம் ஆண்டினது. மாற்றவா?

கல்லடிக்காரன்:
மாமாவின் 1991 மஸ்டா எம்எக்ஸ்-5 இப்போது என் கையில். வருடக்கணக்கில் தகரக் கொட்டிலுக்குள் நின்ற கார். டயர் நாலிலும் பள்ளம் 5 மில்லிமீற்றருக்குக் குறையாது. ஆனால் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள், நகத்தால் அழுத்தினால் ரப்பர் அசைவதில்லை. பொறித்திருப்பது 2713. போன மழைக்குக் கல்லடிப் பாலத்தால் இறங்கி இடப்பக்கம் கிறுக்க, பின்பக்கம் தன்பாட்டுக்கு நழுவியது. வேகம் முப்பதுகூட இல்லை. டவுனில் ஒரு கடைக்காரர், "முன்னுக்கு இரண்டை மட்டும் மாற்றுங்க, பாவித்த டயர் மலிவாகத் தாறன்" என்கிறார். சைஸ் 185/60 ஆர்14. 15 அங்குல ரிம்மும் யோசிக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

காத்தான்குடி வேன்:
முன்னுக்கு இரண்டு போதும் மச்சான். ஸ்டியரிங் அங்கேதானே!

பழைய டயர்க்கடை:
வேன்காரத் தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகும், காலை எடுத்தால் பிடிப்பு திரும்பும். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பி என்ன? இப்போதைக்கு இரண்டுக்குத்தான் காசு என்றால் புதியதைப் பின்னுக்குப் போடுங்கள். ஆனால் உங்களுடையதில் நாலும் போக வேண்டும்.

2713 என்றால் 2013இன் 27ஆவது வாரம், அதாவது ஜூலை. எத்தனை பள்ளம் இருந்தாலும் பத்து வருடம்தான் கடைசி எல்லை என்று டயர் கம்பனிகளே சொல்கின்றன. ஓடாமல் நின்றாலும் வெக்கையும் காற்றும் ரப்பரை இறுக்கிவிடும். வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தத் தகரத்துக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

பாவித்தது வேண்டாம். புதியதென்று தந்தாலும் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். சில டயரில் ஒரு பக்கம்தான் இருக்கும், பூட்டும்போது அது உள்ளுக்குப் போய்விடும். டோர்ச் அடித்துப் பார்க்க வெட்கப்படாதீர்கள்.

15 அங்குல ரிம் என்றால் 195/50. வெளிவிட்டம் 576 மில்லிமீற்றர், உங்களுடையது 578, அதனால் ஸ்பீடோமீற்றர் பொய் சொல்லாது. என்னைக் கேட்டால் பழைய ரிம்தான் வடிவு, நம்ம றோட்டுக் குழிக்கும் அதுதான் நல்லது. வால்வையும் புதிதாகப் போடுங்கள். மறுகா காற்று: எல்லாக் காருக்கும் 32 அடிப்பது கடைப் பழக்கம். இந்தக் காருக்கு 26 போதும், ஆயிரம் கிலோகூட இல்லாத சாமான். புது டயரின் மேல் வழுவழுப்பு போகும்வரை, முதல் நூற்றைம்பது கிலோமீற்றர் அளவில் அடக்கி ஓடுங்கள்.

கல்லடிக்காரன்:
நன்றி அண்ணன், நாலும் சொல்லிவிட்டேன். டிக்கிக்குள் இருக்கிற ஸ்பெயார் வீலையும் பார்த்தேன். அதில் மூன்று இலக்கம்தான் இருக்கிறது, 111. ஒன்று அழிந்துவிட்டதா?

பழைய டயர்க்கடை:
அழியவில்லை தம்பி. 2000க்கு முன் மூன்று இலக்கம்தான். 1991இன் 11ஆவது வாரம், காரோடு வந்ததாக இருக்கும். அதை நம்பி மகாஓயாப் பக்கம் போய்விடாதீர்கள்.

காத்தான்குடி வேன்:
என்னுடைய வேனையும் பார்த்தேன். 0911. பின்னுக்கு.