கணக்கியல்–நிதிப் படிப்பு: நடுவில் ஒரு வருஷம் வேலைக்குப் போகலாமா, நேராக முடித்துவிடலாமா?

மூணாம்பெஞ்சு:
எல்லாருக்கும் வணக்கம். அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், இரண்டாம் வருஷம். எங்கள் படிப்பு மூன்று வருஷம். விருப்பம் இருந்தால் இரண்டாம் வருஷத்துக்கும் கடைசி வருஷத்துக்கும் நடுவில் ஒரு முழு வருஷம் ஏதாவது நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை பார்க்கலாம். பிளேஸ்மென்ட் ஆண்டு என்கிறார்கள். அப்படிப் போனால் மொத்தம் நாலு வருஷம்.

எனக்கு ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. வேலை விவரத்தில் “பர்ச்சேஸ் லெட்ஜர், பேங்க் ரீகன்சிலியேஷன், மன்த் எண்டில் உதவி” என்று போட்டிருக்கிறார்கள். அதாவது சப்ளையர் பில்களைக் கணக்கில் ஏற்றுவது, நம் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, மாதக் கடைசியில் கணக்கை முடிக்க உதவுவது. “இன்வாய்ஸ் ஏத்துறதுக்கா ஒரு வருஷம்?” என்று கூடப் படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பட்டம் வாங்கியதும் ஏசிசிஏ (கணக்காளர் தகுதித் தேர்வு) எழுதுகிற எண்ணம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும். என்ன செய்ய?

நேர்கோடு:
போகாதீங்க தம்பி. உங்க நண்பர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கு.

இப்போதைய முறையில் ஏசிசிஏவுக்கு 13 தாள். அங்கீகாரம் உள்ள பட்டமாக இருந்தால் 9 தாள் வரைக்கும் விலக்கு கிடைக்கும். கடைசிக் கட்டத்து நாலு தாளுக்கு மட்டும் யாருக்கும் விலக்கு கிடையாது. ஆக, நேராகப் படித்து முடிப்பவருக்கு மிச்சம் இருப்பது அந்த நாலு தாள்தான். படிப்புச் சூடு ஆறுவதற்குள் எங்காவது பயிற்சியாளராகச் சேர்ந்தால் தேர்வுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு படிக்க லீவும் கொடுக்கிற நிறுவனங்கள் உண்டு. உங்க வகுப்பு நண்பர் அப்படிப் போய் ஒன்றிரண்டு தாளைத் தாண்டும்போது நீங்க இன்னும் கேன்டீனில் உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதிக்கிட்டிருப்பீங்க. வேலை அனுபவம் வேலைக்குப் போனால் தானே வரும். அதுக்காகப் படிப்பை எதுக்கு நடுவில் வெட்டணும்?

ஆடிட்_ராத்திரி:
நேர்கோடு, பாதிக் கணக்கைத்தான் சொல்லியிருக்கீங்க. தாள் மட்டும் தேறினால் ஏசிசிஏ உறுப்பினர் ஆகிவிட முடியாது. 36 மாத நடைமுறை அனுபவம் காட்டணும். அந்த அனுபவம் தேர்வுக்கு முன்னால், நடுவில், பின்னால், எப்போது வந்ததாகவும் இருக்கலாம். கணக்குப் பிரிவில் ஒழுங்கான வேலையாக இருந்தால் இந்தப் பன்னிரண்டு மாதமும் அதில் சேரும். பட்டத்துக்கு அப்புறம் இரண்டே வருஷம் பாக்கி. நண்பர் முன்னாடி ஓடுகிற மாதிரி தெரியும். உறுப்பினர் ஆகிற இடத்தில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிற்பார்கள்.

இதைக் கழிக்காமல் “ஒரு வருஷம் போச்சு” என்பது பற்றை மட்டும் எழுதி வரவை விட்டுவிடுகிற வேலை.

வட்டிக்கணக்கு:
ரெண்டு பேரும் கணக்கியல் பக்கத்தை மட்டும் பேசுறீங்க. படிப்போட பேர்ல ஃபைனான்ஸும் இருக்கு. முதலீட்டு வங்கி மாதிரியான இடத்துக்குப் போக நினைக்கிறவங்களுக்கு வழியே வேற. அங்கே ஆள் எடுப்பது பெரும்பாலும் கடைசி வருஷத்துக்கு முந்தைய கோடையில் நடக்கிற இன்டர்ன்ஷிப் வழியாக. சில வாரம் தான். அதில் பிடித்துப்போனால் வேலை கையில். முதலீட்டுத் துறைக்கான சிஎஃப்ஏ தேர்வின் முதல் நிலையைக்கூடப் பட்டம் முடிய 23 மாதம் இருக்கும்போதே எழுத விடுறாங்க. பர்ச்சேஸ் லெட்ஜர் அங்கே யாரையும் அசைக்காது.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. பல பிளேஸ்மென்ட் ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம், சிலது பதின்மூன்று. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் இழுத்தால் கடைசி வருஷத்துக்கு முந்தின கோடையும் போயிடும். முடிவு தேதியைப் பாருங்க.

பேரேட்டுப்பூச்சி:
நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிளேஸ்மென்ட் பிள்ளைகள் என்னிடம்தான் வந்து சேருவார்கள். “இன்வாய்ஸ் ஏத்துற வேலை” என்று சிரிப்பவர்களுக்காக ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்.

மாதக் கடைசி. 29ஆம் தேதி சரக்கு கிடங்கில் இறங்கிவிட்டது. பெற்றுக்கொண்ட சீட்டில் கையெழுத்து இருக்கிறது. சப்ளையர் இன்வாய்ஸ் போடுவது அடுத்த மாதம் 6ஆம் தேதி. செலவு எந்த மாதத்துக்கு? வகுப்பில் யாரைக் கேட்டாலும் “அக்ரூவல் போடணும்” என்று டக்கென்று சொல்வார்கள். பில் வராத செலவையும் அந்த மாதத்திலேயே எழுதுவதுதான் அக்ரூவல். சரி, எவ்வளவுக்கு? இன்வாய்ஸ்தான் இன்னும் வரவில்லையே. பர்ச்சேஸ் ஆர்டரை எடுக்கணும். அதில் நூறு பெட்டி; சீட்டில் தொண்ணூற்று இரண்டு. கிடங்குக்குப் போன் போட்டால் எட்டு பெட்டி நசுங்கி வந்ததால் திருப்பி அனுப்பிவிட்டோம் என்பார்கள். ஆர்டரில் இருக்கிற விலை போன காலாண்டு விலை. புது விலை வாங்கும் பிரிவுக்காரரின் மெயிலில் கிடக்கும். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் ஒரு எண் வரும். அடுத்த மாதம் முதல் நாள் அந்தப் பதிவை ரிவர்ஸ் செய்யணும். மறந்தால் உண்மையான இன்வாய்ஸ் ஏறும்போது அதே செலவு இரண்டு தடவை நிற்கும்.

இதில் எந்த இடம் தட்டச்சு வேலை?

நேர்கோடு:
அக்கா, அழகாச் சொன்னீங்க. ஆனா இதைக் கத்துக்க ஒரு வருஷம் வேணுமா? மூணு மாதம் போதாதா? நாலாவது மாதத்திலிருந்து அதே 29ஆம் தேதி, அதே கிடங்கு, அதே போன். மிச்ச ஒன்பது மாதம் நிறுவனத்துக்குக் குறைஞ்ச சம்பளத்தில் ஒரு ஆள். இன்வாய்ஸைப் படித்து எண்களைத் தானே எடுத்துக்கொள்கிற மென்பொருள் வேற வந்தாச்சு.

பேரேட்டுப்பூச்சி:
மென்பொருள் வந்தது உண்மை. ஆர்டர், சீட்டு, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால் அதுவே பாஸ் செய்துவிடும். ஒத்துப்போகாத எட்டு பெட்டிதான் மனுஷரிடம் வருகிறது. முன்பு நாள் முழுக்கச் சுலபமானதைப் பார்த்து நடுவில் ஒரு சிக்கல் வரும். இப்போது சிக்கல் மட்டும்தான் வருகிறது.

வட்டிக்கணக்கு:
வரலாற்றிலிருந்து ஒரு சங்கதி. வேலையையும் படிப்பையும் கலந்து கொடுக்கிற இந்த முறையை 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் ஆரம்பித்தார், பொறியியல் மாணவர்களுக்காக. அங்கே முழு வருஷம் வெளியே அனுப்பவில்லை. ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை, மாறி மாறி. 1957இல் கனடாவில் தொடங்கிய வாட்டர்லூ பல்கலைக்கழகம் இன்றைக்கும் நாலு நாலு மாதமாக மாற்றுகிறது. வகுப்பில் படித்ததை அடுத்த தவணையில் செய்து பார்க்கலாம், வேலையில் புரியாததை அடுத்த தவணையில் கேட்கலாம். முழு வருஷம் போனால் படித்தது மறந்து திரும்புகிறான். நேர்கோடு சொல்வதில் எனக்கு உடன்பாடு இதில்தான்: கேள்வி வேலையா படிப்பா என்பதில்லை, ஏன் பன்னிரண்டு மாதம் ஒரே கட்டாக என்பது.

ஆடிட்_ராத்திரி:
பொறியியலுக்குச் சரி. கணக்கு வேலைக்கு ஒரு வருஷம் என்பது யாரோ மேசையில் உட்கார்ந்து வைத்த அளவு இல்லை. கணக்கே வருஷக் கணக்குதான்.

டிசம்பரில் ஆண்டை முடிக்கிற நிறுவனத்தை எடுங்க. ஜூலையில் ஒரு பையன் சேர்கிறான். செப்டம்பரில் அக்கா சொன்ன மாதிரி அக்ரூவல் ஒன்று போடுகிறான். அக்டோபர், நவம்பரில் அடுத்த வருஷ பட்ஜெட். ஒவ்வொரு பிரிவும் தன் செலவைக் கூட்டிக் கேட்கும், நிதி மேலாளர் வெட்டுவார். டிசம்பர் கடைசியில் ஸ்டாக் எண்ணிக்கை. ஜனவரியில் ஆண்டு இறுதி. தேய்மானம், வராக்கடன் ஒதுக்கீடு, வரி எல்லாம் அப்போதுதான் முழுசாக எழும். பிப்ரவரியில் எங்களைப் போன்ற தணிக்கையாளர்கள் நீளமான பட்டியலோடு வந்து இறங்குவோம். அதில் ஒரு வரி: “செப்டம்பர் அக்ரூவல், ஆதாரம் வேண்டும்.” அஞ்சு மாதத்துக்கு முன்னால் தான் போட்ட எண்ணுக்கு அவன் பதில் சொல்லணும். கிடங்கு சீட்டை ஃபைலில் வைத்திருந்தானா, மெயிலைச் சேமித்திருந்தானா என்பது அன்றைக்குத் தெரியும்.

நாலு மாதத்தில் கிளம்பிப் போனவனுக்கு அந்தக் கேள்வி வரவே வராது. எண்ணைப் போட்டவன் வேறு, பதில் சொல்கிறவன் வேறு. மூன்று மாதத்தில் ‘எப்படிச் செய்வது’ என்பதைக் கத்துக்கலாம், நேர்கோடு. ஏன் அப்படிச் செய்தாய் என்று யாராவது வந்து கேட்கிற வரைக்கும் இருந்து பார்க்க ஒரு வருஷம் வேணும்.

இத்தாலியப் பால்பொருள் நிறுவனமான பார்மலாட்டின் கதையை எல்லா வகுப்பிலும் நடத்துவார்கள். 2003இல் சுமார் 395 கோடி யூரோ வங்கியில் இருப்பதாகக் காட்டின கடிதமே போலி என்று தெரிந்தது. வகுப்பில் கேட்டால் சுவாரசியமான கதை. இருப்பை வங்கியிடமே கேட்டு உறுதிசெய்கிற கடிதத்தை ஏன் வாடிக்கையாளர் கையில் கொடுக்காமல் தணிக்கையாளரே நேரடியாக அனுப்பி நேரடியாக வாங்கணும் என்பது, அந்தக் கடிதத்தை அனுப்பின கைக்குத்தான் உறைக்கும்.

நேர்கோடு:
பார்மலாட்டைத் தணிக்கை செய்தவங்க பிளேஸ்மென்ட் மாணவங்க இல்ல சார், பல வருஷ அனுபவம் உள்ளவங்க. அவங்களுக்கே உறைக்கல. அனுபவம் காப்பாத்தும்னு காட்ட இதைவிட மோசமான உதாரணம் கிடைக்காது.

வருஷச் சுற்று பற்றிச் சொன்னது நல்ல வாதம், ஒத்துக்கிறேன். ஆனா அந்தச் சுற்று பட்டத்துக்கு அப்புறம் சேர்ந்தாலும் அதே மாதிரி தானே சுத்தும்? அப்போ பாடம் முழுசாக் கையில் இருக்கும். 2019இலிருந்து ஐஎஃப்ஆர்எஸ் 16 என்கிற சர்வதேசக் கணக்கு விதி வந்து, குத்தகைகளில் பெரும்பாலானதை ஐந்தொகைக்குள் கொண்டுவரணும். இரண்டாம் வருஷம் முடித்த பையனிடம் ஒரு எக்ஸெல் ஷீட்டைக் கொடுத்து “மஞ்சள் கட்டத்தில் மட்டும் எண்ணை மாத்து” என்பாங்க. வருங்காலக் குத்தகைப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர்ற அந்தத் தள்ளுபடி விகிதம் எங்கிருந்து வந்தது, அதை அரை சதவீதம் மாத்தினா கடன் பக்கம் என்ன ஆகும், எதுவும் தெரியாம ஒரு வருஷம் மஞ்சள் கட்டம் நிரப்புவான். பாடம் படிச்சிட்டுப் போனவன் முதல் நாளே கேள்வி கேட்பான்.

அப்புறம் பல்கலைக்கழகங்கள் விளம்பரத்தில் “பிளேஸ்மென்ட் போனவர்களுக்கு நல்ல வேலை” என்று போடுவது. பிளேஸ்மென்ட் கிடைப்பது யாருக்கு? முதல் வருஷ மதிப்பெண் நல்லா இருந்து, இன்டர்வியூவில் பேசத் தெரிஞ்சவனுக்கு. அவன் போகாவிட்டாலும் நல்ல வேலைக்குப் போயிருப்பான். ஆளின் திறமையைத் திட்டத்தின் வரவில் எழுதுறாங்க. தணிக்கைக்காரர் இதை விடுவாரா?

ஆடிட்_ராத்திரி:
விட மாட்டேன். அந்த விளம்பரத்தை நானும் நம்புவதில்லை.

பேரேட்டுப்பூச்சி:
மஞ்சள் கட்டம் நிஜம். சில இடங்களில் அதுவேதான் நடக்கிறது. ஆனால் மஞ்சள் கட்டத்தை ஒரு வருஷம் நிரப்பிவிட்டுக் கடைசி வருஷ வகுப்பில் ஐஎஃப்ஆர்எஸ் 16 நடத்தும்போது நிமிர்ந்து உட்காருகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். படித்துவிட்டுச் செய்வதும் உண்டு, செய்துவிட்டுப் படிப்பதும் உண்டு. இரண்டாவதில் பாடம் ஒட்டிக்கொள்கிறது.

சின்ன விஷயங்களும் அப்படித்தான். ட்ரையல் பேலன்ஸில் (பற்று, வரவு கூட்டல்களை ஒப்பிடும் பட்டியல்) 450 வித்தியாசம் வந்தால் என்னிடம் இருந்து திரும்பிப் போன பிள்ளை முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்க்கும். மீதி இல்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று 5,940ஐ 5,490 என்று எழுதின மாதிரி வரிகளைத் தேடும். ரொம்பப் பழைய சூத்திரம், புத்தகத்திலும் உண்டு. மாதக் கடைசி ராத்திரி தேடினவர்களுக்கு மறக்காது.

வட்டிக்கணக்கு:
பணத்தையும் பேசிடலாம். இங்கிலாந்தில் முழு வருஷமும் வேலைக்குப் போனால் அந்த வருஷத்துக்கு வாங்கக்கூடிய கட்டணம் உள்நாட்டு மாணவர்களுக்கு முழு ஆண்டு உச்சவரம்பில் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. சம்பளமும் வரும். மற்ற இடங்களில் விதி வேற. மூணாம்பெஞ்சு, உங்க பல்கலைக்கழகம் அந்த வருஷத்துக்கு என்ன வாங்குது, கல்விக்கடன் எப்படிக் குறையுதுன்னு எழுத்தில் கேளுங்க.

கிடைக்காதவங்க கதையையும் யாராவது சொல்லணும். நாலு வருஷப் படிப்பில் சேர்ந்து, இரண்டாம் வருஷம் பூரா விண்ணப்பம் போட்டு எதுவும் அமையாமல், கடைசியில் சத்தமில்லாமல் மூணு வருஷப் படிப்புக்கு மாத்தி விடப்படுறவங்க நிறையப் பேர். அந்த விண்ணப்பம் போடுற நேரமெல்லாம் பாடத்திலிருந்து போகுது.

மூணாம்பெஞ்சு:
நன்றி எல்லாருக்கும். நேற்று நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். அவர்களின் கணக்காண்டு மார்ச்சில் முடிகிறது. நான் சேர்வது ஜூலை, முடிவது அடுத்த ஜூன். தணிக்கை மே மாதம். அதாவது ஆடிட்_ராத்திரி அண்ணன் சொன்ன கேள்வி கேட்கிறவர்கள் வருகிற நேரத்தில் அங்கேதான் இருப்பேன். ஆறு மாதம் கழித்துக் காஸ்டிங் (பொருளின் அடக்கவிலை கணக்கிடுவது) பக்கம் மாற்றுவதாக வாயால் சொன்னார்கள்.

நேர்கோடு:
வாயால் சொன்னதுக்கு வவுச்சர் கிடையாது. மெயிலில் வாங்குங்க. இன்னும் என் ஓட்டு ‘வேண்டாம்’ தான், ஆனா போறதா இருந்தா ஒண்ணு கேளுங்க: உங்க அனுபவப் பதிவில் கையெழுத்துப் போடத் தகுதியான கணக்காளர் அங்கே இருக்காரா? வேலையில் எட்டணும்னு ஏசிசிஏ வைக்கிற இலக்குகளை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுறவர் தகுதி பெற்ற கணக்காளரா இருக்கணும். இல்லைன்னா ஆடிட்_ராத்திரி போட்ட 36 மாதக் கணக்கு முழுசா நிக்காது.

மூணாம்பெஞ்சு:
கேட்டேன். என் நேரடி மேலாளர் தகுதி முடிக்கவில்லை, இருபது வருஷ அனுபவம் மட்டும். குழுமத்தின் நிதித் தலைவர் தகுதி பெற்றவர், ஆனால் வேறு கட்டடம்.

பேரேட்டுப்பூச்சி:
அது போதும். மேலாளர் நீங்கள் வேலை பார்த்த காலத்தை உறுதிசெய்யட்டும், இலக்குகளுக்கு நிதித் தலைவர் கையெழுத்துப் போடட்டும். சேருவதற்கு முன்பே அவரிடம் பேசி, மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஜூன் கடைசியில் ஒரு வருஷத்து வேலையை அவர் முன்னால் குவித்தால் படிக்காமலே போட மாட்டார், படிக்கவும் நேரம் இருக்காது.