சிப்பியை வைத்துக் கடல் தண்ணீரின் நிலைமையைச் சொல்ல முடியுமா?

வள்ளியூர்_மருமகன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் வள்ளியூர், அம்மா பிறந்தது கூட்டப்புளி. என் தாய்மாமா முப்பது வருடமாகக் கடலில் மூழ்கிப் பாறையில் இருந்து சிப்பி எடுக்கிறவர். (நாங்கள் சிப்பி என்பதைப் புத்தகத்தில் ஆளி என்று எழுதியிருக்கிறார்கள், கேரளத்தில் கல்லுமக்காய். ஓட்டு நிறம் காப்பிக்கொட்டை மாதிரி இருக்கும்.) இரண்டு வருடமாக அவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஓடு பழைய அளவில்தான் இருக்கிறது, உள்ளே சதை இல்லை, வேகவைத்தால் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, கரைப் பக்கத்துப் பாறையில் எடுத்தது சேற்று வாடை அடிக்கிறது என்கிறார். அந்தப் பாறைக்குக் கொஞ்சம் தள்ளித்தான் ஊர்ச் சாக்கடை கடலில் விழுகிறது.

நான் ஒரு கேனில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். காசு வாங்கிக்கொண்டு "எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது" என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மாமா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி ஓடிப்போயிரும் மருமகனே, சிப்பி எங்கயும் போகாது, அதைக் கொண்டு குடுத்திருக்கணும்" என்றார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறதா? உலகத்தில் யாராவது அப்படிச் செய்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வக_அக்கா:

தம்பி, மாமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் தூத்துக்குடியில் சில வருடம் இதே வேலைதான் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கேனில் விழுந்தது அந்த ஒரு நிமிடத்துத் தண்ணீர். சாக்கடை ராத்திரி வந்து போயிருக்கலாம், நீரோட்டம் அன்றைக்கு மேற்கே இழுத்திருக்கலாம், அதெல்லாம் கேனில் தெரியாது. தவிர, கடல் தண்ணீரில் காட்மியம், ஈயம் எல்லாம் அவ்வளவு நுண்ணிய அளவில் கரைந்திருக்கும், அதை அளக்க மிகச் சுத்தமான பாத்திரமும் நல்ல கருவியும் வேண்டும், சாதாரணக் கேனில் பிடித்தால் கேனின் அழுக்கைத்தான் அளப்போம். ஆளி அப்படி இல்லை. நாரால் பாறையைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து, மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரைச் செவுள் வழியாக இழுத்து வடிகட்டி, அதில் இருக்கிற நுண்பாசியைத் தின்கிறது. பாசியோடு சேர்ந்து வருகிற உலோகம், பூச்சிமருந்து, எண்ணெய்க் கழிவு எல்லாம் சதையில் தங்கிவிடும். தண்ணீரில் இருப்பதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு சேரும், சில பொருள்கள் லட்சம் மடங்குகூடச் சேரும். பல வாரம், பல மாதம் அந்தப் பாறையில் என்ன நடந்தது என்பதற்கு அதன் சதைதான் கணக்குப் புத்தகம்.

இதை முறையாகச் செய்யலாம் என்று 1975-இல் எழுதியவர் அமெரிக்காவின் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற கடல் வேதியியல் அறிஞர். அடுத்த வருடமே அங்கே சோதனையாக ஆரம்பித்து, 1986 முதல் அந்த நாட்டுக் கடல், வளிமண்டல அமைப்பான நோவா இன்றுவரை நடத்துகிறது. கிட்டத்தட்ட 300 இடங்கள். டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தடை செய்த பிறகு அது கடலில் மெல்ல மெல்லக் குறைந்து வருவதை இந்தச் சிப்பிக் கணக்கில்தான் கண்ணால் பார்த்தார்கள். 1990-களில் ஆசியக் கடற்கரைகளிலும் பச்சை ஆளியை எடுத்து இதே வேலையைச் செய்தார்கள், நம் நாட்டுக் கரைகளும் அதில் உண்டு.

கருவிக்கு முன்னால் சிப்பியே சொன்ன கதையும் இருக்கிறது. பிரான்சில் ஆர்காஷோன் என்று ஒரு விரிகுடா, அங்கே உண்ணும் சிப்பி (ஆயிஸ்டர், உங்கள் ஆளி இல்லை) வளர்ப்புதான் பிழைப்பு. 1970-களின் கடைசியில் சிப்பிகளின் ஓடு கோணல்மாணலாகத் தடித்து, ஓட்டுக்குள் அறை அறையாக வெற்றிடம் விழ ஆரம்பித்தது. குஞ்சும் நிற்கவில்லை. தேடிப் பார்த்தால் படகின் அடிப்பாகத்தில் பாசி, கொட்டலசு ஒட்டாமல் இருக்க அடிக்கிற பெயின்ட்! அதில் இருந்த டிரைபியூட்டைல்டின் என்ற தகரச் சேர்மம் லட்சம் கோடியில் சில பங்கு தண்ணீரில் கலந்தாலே போதும், நத்தை இனத்தில் பெட்டைக்கு ஆண் உறுப்பு முளைக்கிற அளவுக்குக் கெடுதல் செய்யும். 1982-இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அந்தப் பெயின்டைத் தடை செய்தது. உலகம் முழுக்கக் கப்பல்களுக்குத் தடை நடைமுறைக்கு வர 2008 ஆகிவிட்டது.

இனி உங்கள் விஷயம். சதை மெலிந்திருப்பதை மட்டும் வைத்துத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. கச்சான் (மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் இந்த ஆளி கருவை விட்டுவிட்டு மெலிந்துபோகும், அது இயற்கை. அதனால் கார்த்திகையில் எடுத்ததைக் கார்த்திகையோடுதான் ஒப்பிட வேண்டும், ஆடியோடு ஒப்பிடக் கூடாது. இரண்டாவது, ஒரே அளவு ஓடு, ஐந்து ஆறு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, சாக்கடைப் பாறை ஒன்று, சாக்கடை எட்டாத பாறை ஒன்று, இரண்டில் இருந்தும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். ஒப்பிட ஆள் இல்லாத எண் வெறும் எண்தான்.

பாறைக்கு இருபத்தைந்து போதும். ஆய்வகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு நாள் முழுக்கச் சுத்தமான கடல் தண்ணீரில் போட்டு வையுங்கள், குடலில் இருக்கிற சேறு வெளியே வந்துவிடும், இல்லாவிட்டால் சேற்றின் உலோகம் சதைக் கணக்கில் ஏறிவிடும். பிளாஸ்டிக் கத்தியால் திறக்கச் சொல்லுங்கள். என்னென்ன அளக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாகத் துத்தநாகத்தை ஆளியில் பார்த்து ஏமாற வேண்டாம், அதை ஆளி தன் உடம்பில் ஓரளவுக்குத் தானே கட்டுப்படுத்திவிடும். துத்தநாகம், செம்பு இரண்டையும் அளக்க வேண்டுமென்றால், முத்துச்சிப்பியின் பெரியப்பா மகன் மாதிரி கரடுமுரடாகக் கல்லில் ஒட்டியிருக்குமே, அந்த உண்ணும் சிப்பிதான் சரி, அது அளவில்லாமல் சேர்த்து வைக்கும்.

பனைவிளை:

அக்கா விளக்கமாக எழுதிவிட்டீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கரையில் கூடங்குளம் இருக்கிறதே, சிப்பியில் கதிரியக்கம் தெரியுமா? ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், பயமாகவும் இருக்கிறது.

ஆய்வக_அக்கா:

தெரியும். ஆனால் எதைப் பார்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பொலோனியம்-210 என்று ஒன்று, இயற்கையாகவே கடலில் இருப்பது, எந்தத் தேசத்து ஆளியை எடுத்தாலும் அதில் நன்றாகவே சேர்ந்திருக்கும். நம் தென்கரை மணலில் மோனசைட் என்ற, தோரியம் கலந்த கதிரியக்கக் கனிமமும் இருக்கிறது. அதனால் "கதிரியக்கம் இருக்கிறது" என்ற ஒரு வரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்தத் தனிமம், எவ்வளவு, முதல் அலகு மின்சாரம் கொடுக்க ஆரம்பித்த 2013-க்கு முன்னால் அதே இடத்தில் எவ்வளவு இருந்தது, இந்த மூன்றும் வேண்டும். நம் நாட்டில் அணுமின் நிலைய வளாகம் ஒவ்வொன்றுக்கும் சுற்றுச்சூழல் ஆய்வகம் என்று தனியாக ஒன்று உண்டு, கடல் தண்ணீர், மணல், மீன் எல்லாம் எடுத்துப் பார்ப்பது அவர்கள் வேலை. அந்த எண்களைத் தமிழில் ஊர்ச் சாவடியில் ஒட்டினால் பாதிப் பயம் போய்விடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மக்கள் கேட்க வேண்டும், கேட்பது அவர்கள் உரிமை.

சங்குகுளி_பேரன்:

எங்கள் தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். முத்துப்பார்களில் (கடலடியில் முத்துச்சிப்பி வளர்கிற பாறைத்திட்டுகளில்) கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல், அதற்கப்புறம் பாரில் சிப்பி போதவில்லை என்று நின்றே போனது. கொற்கை முத்து என்று சங்கப் பாட்டில் இருந்து பாடுகிற ஊர்க்காரர்கள் நாம். சிப்பி இல்லாமல் போனதற்கு நூறு காரணம் சொல்வார்கள், எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். ஆனால் தாத்தா சொல்வார், பாரில் இறங்கினால் முதலில் சிப்பி வாயைத்தான் பார்ப்பாராம். நல்ல தண்ணீரில் வாய் லேசாகத் திறந்து, உள்ளே சதையின் ஓரம் பூ மாதிரி விரிந்திருக்கும், நிழல் பட்டால் டக்கென்று மூடும். கலங்கல் வந்த நாளில் எல்லாம் இறுக மூடிக் கிடக்குமாம். வள்ளியூர்த் தம்பி, உங்கள் மாமா தண்ணீருக்குள் பார்ப்பதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். காற்று, கலங்கல், வாய் திறந்திருந்ததா, செத்த ஓடு எத்தனை. கரையில் நிற்கிற எங்களுக்கு இது கிடைக்காது.

ஆற்றங்கரை_அண்ணாச்சி:

சங்குகுளிப் பேரன் சொன்னதைத்தான் போலந்து நாட்டில் இயந்திரம் வைத்துச் செய்கிறார்கள். வார்சா நகரத்துக்குக் குடிதண்ணீர் எடுக்கிற இடத்தில் எட்டு ஆற்றுச் சிப்பிகள் தொட்டியில் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றின் ஓட்டிலும் அசைவைக் காட்டுகிற ஒரு சிறு உணரி ஒட்டியிருக்கும். ஆற்றுத் தண்ணீர் அவற்றின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். சிப்பிகள் சேர்ந்து வாயை மூடிக்கொண்டால் தண்ணீர் எடுப்பது நின்றுவிடும். கொஞ்ச காலம் வேலை பார்த்த சிப்பியை ஆற்றிலேயே திருப்பி விட்டுவிடுகிறார்கள் என்று படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

நான் பாளையங்கோட்டைக்காரன். சின்ன வயதில் தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் மணலைத் துழாவினால் மட்டி தட்டுப்படும், விரலிடுக்கில் தூக்கி எடுப்போம். இப்போது நான் போகிற துறையில் துழாவினால் கிடைப்பது துணியும் கண்ணாடித் துண்டும்தான். இத்தனை ஊர் குடிக்கிற ஆறு. உறைகிணறு ஒன்றில் எட்டு மட்டியை உட்கார வைக்க நம்மால் முடியாதா? எந்தக் கல்லூரிப் பிள்ளைகளாவது இதை எடுத்துச் செய்தால் என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.

நாரோயில்_மாப்ளே:

எல்லாம் சரி, அதுவரைக்கும் அந்தச் சிப்பியைச் சாப்பிடலாமா கூடாதா? நல்லா வேகவைத்துத் தேங்காய் அரைத்துவிட்டால் கிருமி போய்விடும்தானே?

ஆய்வக_அக்கா:

கிருமி பெரும்பாலும் போகும். உலோகம் போகாது. பாசி நஞ்சும் போகாது, இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். சில நேரம் கடலில் ஒருவகை நுண்பாசி பெருகும், அதைத் தின்ற சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, அதைத் தின்ற மனிதனுக்கு உதடு மரத்து, கை கால் மரத்து, மூச்சு நின்றுபோகலாம். நம் தமிழ்நாட்டிலேயே 1981-இல் வயலூரில் மட்டி சாப்பிட்டு மூன்று பேர் இறந்தார்கள், 85 பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். 1997-இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அது நீங்கள் சொல்கிற இதே காப்பிநிற ஆளி. எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நஞ்சு சாகாது. சிப்பி தின்று உதடு மரத்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சாக்கடைப் பாறைச் சிப்பியை, மருமகனே, கொஞ்ச நாளைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் நூறு கிராம் சதையில் ஈ.கோலை என்ற மலக்கிருமி 230-க்குள் இருந்தால்தான் சிப்பியை அப்படியே விற்க விடுவார்கள். மீறினால் சுத்தமான தண்ணீரில் போட்டுக் கழுவவிட்டுத்தான் விற்க வேண்டும். சாக்கடை வாயில் இருக்கிற பாறை அந்தக் கணக்குக்குள் வருமா என்று நீங்களே யோசியுங்கள்.

வள்ளியூர்_மருமகன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை கூட்டப்புளி போய் எல்லாவற்றையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிரான்ஸ் பெயின்ட் கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் ஒன்றும் பேசாமல் வலைப்பையையும் இரும்புப் பட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாக்கடைப் பாறையில் இருபத்தைந்து, கிழக்கே தள்ளி இருக்கிற பாறையில் இருபத்தைந்து. அத்தை அளவுகோல் வைத்து ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்ததை எல்லாம் கழித்துவிட்டார். ஆய்வகத்துக்குக் கொடுக்க இன்னும் பணம் சேரவில்லை, அதனால் திறந்து, சதையைத் துணியில் ஒற்றி, மாமா மகள் நகை நிறுக்கிற சின்னத் தராசில் சதை தனி, ஓடு தனி என்று நிறுத்தோம். உள்ளே நிற்கிற தண்ணீர் கூடக் குறைய இருப்பதால் முழுச் சிப்பியை நிறுக்கவில்லை, சதையை ஓட்டோடுதான் ஒப்பிடுகிறோம். அக்கா, இது சரிதானா?

நோட்டில் முதல் பக்கம் இப்படி இருக்கிறது. கிழக்குப் பாறை: ஓடு நூறு கிராமுக்குச் சதை 61 கிராம். சாக்கடைப் பாறை: ஓடு நூறு கிராமுக்குச் சதை 38 கிராம். லேசான வாடைக் காற்று, தண்ணீர் தெளிவு, சாக்கடைப் பாறையில் செத்த ஓடு 11, கிழக்கே 2. கீழே மாமா தன் கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடுத்த மாதம் இதே நாள் மறுபடியும் இறங்குகிறோம்.

ஆய்வக_அக்கா:

சரியான முறைதான். இந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நோட்டு நனைந்துவிடும். அடுத்த மாதம் எடுத்ததில் பத்துச் சிப்பியின் சதையைப் பாறைவாரியாகத் தனித்தனிப் பையில் கட்டி உறைய வைத்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எங்கே கொடுக்கலாம் என்று நான் பார்க்கிறேன்.