மறு: நியூமோதொராக்ஸுக்குத் தமிழ்ச்சொல் – ‘நுரையீரல் புறவளி’

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம். நுரையீரலுக்கு வெளியே, மார்புக்குள் காற்று சேரும் நோயான நியூமோதொராக்ஸுக்கு ‘நுரையீரல் புறவளி’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கருத்துகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘நுரையீரல் சுருக்கம்’ போதுமே. எல்லாருக்கும் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. சளி அடைத்து நுரையீரலின் ஒரு பகுதி சுருங்குவது வேறு. ‘நுரையீரல் சுருக்கம்’ என்ற சொல் அதற்கு வேண்டும். நாம் பேசுவது ஒல்லியாக, நெடுநெடுவென வளர்ந்த பதின்வயதுப் பையன்களுக்கு அடிபடாமலே வருவது. பெரும்பாலும் நுரையீரல் உச்சியில் உள்ள சின்னக் கொப்புளம் உடைந்து, கசியும் காற்று நுரையீரலைச் சூழ்ந்த உறையின் இரு படலங்களுக்கு நடுவே சேர்கிறது. நுரையீரல் உள்வாங்குவது அதன் விளைவுதான். இடம் மாறிப்போன காற்றுதான் நோய். சிகிச்சையும் அந்தக் காற்றுக்குத்தான்.

காற்று கொஞ்சம் என்றால் கண்காணித்தாலே போதும், உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். மூச்சுத்திணறினால் ஊசியால் இழுப்பார்கள், அல்லது விலா இடுக்கில் குழாய் போட்டு நீரடைப்புப் புட்டியில் (காற்றை வெளியே விட்டு, திரும்ப உள்ளே போகாமல் நீரால் தடுக்கும் புட்டி) இணைப்பார்கள். பையன் இருமும்போது புட்டியில் குமிழ் வந்தால் கசிவு இன்னும் இருக்கிறது. குமிழ் நின்று, குழாய் நீர் மூச்சோடு ஏறி இறங்கினால் ஓட்டை மூடிவருகிறது. கட்டிலருகே நிற்கும் அம்மாவுக்கு இதை விளக்க ‘சுருக்கம்’ உதவாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 14 முதல் 50 வயதுவரையிலான 316 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேரைக் குழாய் போடாமல் கண்காணித்தார்கள். காற்று கணிசமாகச் சேர்ந்திருந்தும், எட்டு வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு நுரையீரல் விரிந்துவிட்டது. “சுருங்கிய நுரையீரலைச் சும்மா விடுவதா?” என்று பதறும் பெற்றோர்கூட, “வெளியே நிற்கும் காற்று கரையட்டும்” என்றால் ஒத்துக்கொள்வார்கள்.

> ‘வளிமார்பு’ ஏற்கெனவே இருக்கிறதே?

பிரெஞ்சு மருத்துவர் இத்தார் 1803-இல் ஆக்கிய ‘நியூமோதொராக்ஸ்’ என்ற சொல்லின் நேர்பெயர்ப்பு அது. தமிழில் தொகைச்சொல்லின் பொருள் கடைசிச் சொல்லில் நிற்கும். ‘வளிமார்பு’ ஒருவகை மார்பு ஆகிவிடுகிறது. திருப்பி ‘மார்புவளி’ என்றால் இன்னும் ஆபத்து. நெஞ்சு சுருக்கென்று குத்தினாலே வாயுப்பிடிப்பு என்று ஓமம் கொடுத்துப் படுக்கவைக்கும் வீடுகள் நம்முடையவை. ‘நுரையீரல்’ முன்னால் நின்றால் வயிற்று வாயுவோடு குழம்பாது. கிளைச்சொற்களும் எளிதாக வரும்: காற்று ஏறிக்கொண்டே போய் இதயத்தை நெருக்கும் அவசர நிலை ‘இறுக்கப் புறவளி’, திரும்பத் திரும்ப வருபவர்களுக்குக் கொப்புளத்தை வெட்டியபின் நுரையீரலை மார்புச்சுவரோடு ஒட்டவைப்பது ‘உறையொட்டு’.

> ஸ்பான்டேனியஸ் = தன்னிச்சை

அடிபடாமல் தானாக வருவதைக் குறிக்கத் ‘தன்னிச்சை’ வேண்டாம் அம்மா. பையன் விரும்பி வரவழைத்ததுபோல் இருக்கிறது. ‘தானெழு புறவளி’ சரியாக வருமா? வார்டில் தினமும் பேசும் மருத்துவர்களும் செவிலியர்களும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.