‘யூத எதிர்ப்பு’ வேண்டாம், ‘யூத வெறுப்பு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

யூதர்களை யூதர்கள் என்பதற்காகவே வெறுப்பதைக் குறிக்கும் ஆன்டிசெமிட்டிசம் (antisemitism) என்பதற்கு நம் சொற்பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லைச் சேர்ப்பது என்ற பேச்சில், ‘செமிட்டிய எதிர்ப்பு’, ‘யூத எதிர்ப்பு’, ‘யூத சமய வெறுப்பு’, ‘யூதப் பகைமை’ என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. என் வாக்கு இவற்றில் எதற்கும் இல்லை. ‘யூத வெறுப்பு’ போதும்.

செமிட்டிக் என்பது ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். எபிரேயம், அரபு, அம்ஹாரிக் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் 1879-இல் ஜெர்மானிய எழுத்தாளர் வில்ஹெல்ம் மார் பெர்லினில் ‘ஆன்டிசெமிட்டன் லீகா’ என்று சங்கம் தொடங்கியபோது, குறிவைத்தது யூதர்களை மட்டும்தான். பழைய வெறுப்புக்கு அறிவியல் பூச்சு தேவைப்பட்டது, மொழியியலில் இருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பூச்சைத் தமிழிலும் நாம் ஏன் பூச வேண்டும்?

‘எதிர்ப்பு’தான் என்னை அதிகம் உறுத்துகிறது. நம் காதில் அது மரியாதையான சொல். இந்தி எதிர்ப்பு, சாதி எதிர்ப்பு, ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். எதிர்ப்பு என்றதுமே எதிர்க்கத்தக்க ஏதோ ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறது என்றாகிவிடும். ஒரு மக்கள் கூட்டம் பிறந்ததையே குற்றமாக்குவதற்கு அந்தச் சொல்லைக் கொடுக்கக் கூடாது. சியோனிச எதிர்ப்பு என்று எழுதலாம்; சியோனிசம் யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற கொள்கை, அதை எதிர்ப்பது அரசியல் நிலைப்பாடு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இஸ்ரேல் அரசை விமர்சிப்பவரும் யூதர்களின் ஜெப ஆலயத்தில் கல்லெறிபவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

‘சமய வெறுப்பு’ வரலாற்றோடு பொருந்தவில்லை. நாஜி ஜெர்மனியின் 1935 நியூரம்பர்க் சட்டங்களின்படி, ஒருவரை யூதர் என்று முத்திரை குத்த, தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதராக இருந்தால் போதும். ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் யூதர்தான். ‘பகைமை’யோ இரு தரப்புக்கும் பங்குண்டு என்று தொனிக்கும்.

வெறுப்பு வெறும் மன உணர்ச்சிதானே, சட்டத்தையும் நிறுவனங்களையும் அது எப்படிக் குறிக்கும் என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ‘வெறுப்புப் பேச்சு’, ‘வெறுப்புக் குற்றம்’ என்று வந்தபிறகு அந்தச் சொல் உணர்ச்சியைத் தாண்டிவிட்டது. யூதர்கள் பிறரை வெறுப்பதாகப் படிக்க மாட்டார்களா என்றால், ‘பெண் வெறுப்பு’ என்பதை யாரும் அப்படிப் படிப்பதில்லையே. ஐயம் வரும் இடத்தில் ‘யூதர் மீதான வெறுப்பு’ என்று விரித்து எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம், சொற்பட்டியலோடு சேர்த்து இரண்டு பயன்பாட்டுக் குறிப்புகளும் வேண்டும். ‘யூதன்’ என்ற பழைய வழக்கை விட்டு ‘யூதர்’, ‘யூதப் பெண்’ என்று எழுதுவது ஒன்று. ‘யூதர்கள் குண்டு வீசினர்’ என்று செய்தி எழுதாமல், வீசியது இஸ்ரேல் ராணுவம் என்றால் அப்படியே எழுதுவது மற்றொன்று. உலகெங்கும் வாழும் யூதர்களில் பாதிப் பேருக்கு மேல் இஸ்ரேலுக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

ஆக, என் பரிந்துரை: யூத வெறுப்பு, அதைப் பரப்புபவர் யூத வெறுப்பாளர். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் இதையே பட்டியலில் சேர்த்துவிடலாம்.