ஜீப்ரா கிராசிங்கை எடுத்துவிட்டு 42 படி ஏறச் சொல்கிறார்கள். கூட்டத்தில் என்ன கேட்பது?

நடராஜா_சர்வீஸ்:

எங்கள் வீட்டுக்கு முன்னால் ஆறு லேன் சாலை. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். சாலையை மாற்றி அமைக்கப் போகிறார்களாம், அடுத்த வாரம் கருத்துக் கேட்புக் கூட்டம். வரைபடத்தைப் பார்த்தேன். இப்போதிருக்கும் சிக்னல் கிராசிங் போய், அங்கே நடைமேம்பாலம் வருகிறது. ஒரு பக்கத்துக்கு 42 படி. லிஃப்டுக்கு ஒரு கட்டம் மட்டும் வரைந்து, பக்கத்தில் ‘பின்னர்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 76 வயது. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் வாக்கர்தான்.

“பாலம்தானே பாதுகாப்பு, வண்டி கிட்டவே வராதே” என்கிறான் அண்ணன். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால் இப்போதுள்ள சிக்னலும் லட்சணமாக இல்லை. நேற்று அப்பாவோடு கடந்தேன். பச்சை விழுந்தது. வாக்கரைத் தூக்கி வைத்து ஒரு அடி, மறுபடி தூக்கி வைத்து ஒரு அடி. பாதிச் சாலைகூடத் தாண்டவில்லை, பச்சை மினுங்க ஆரம்பித்துவிட்டது. நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு சாண் இடம் கிடையாது. ஒருவர் ஹாரன் அடித்தார். அப்பா அவரைப் பார்த்து, மன்னித்துக்கொள் என்பதுபோல ஒரு கையைத் தூக்கினார். வாக்கரைப் பிடித்திருந்த கை அது.

பாலமும் வேண்டாம், இப்போது இருப்பதும் போதாது. வேறு என்ன கேட்கலாம்?

கோடு_போடுறவன்:

சாலை வடிவமைப்புதான் என் பிழைப்பு. முதலில் பாலத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். அடியில் லாரி போக ஐந்தரை மீட்டர் விட வேண்டும். பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் ஆறு மீட்டரைத் தாண்டும், அதனால்தான் 42 படி. படிக்குப் பதில் சாய்தளம் என்றால் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் ஏறலாம். ஆறு மீட்டர் ஏற 72 மீட்டர், இறங்க இன்னொரு 72. ஆறு லேன் என்றால் சாலை 21 மீட்டர் அகலம் இருக்கும். அதைக் கடக்க 165 மீட்டர் நடக்கச் சொல்கிறோம். யார் ஏறுவார்? கம்பியைத் தாண்டிக் குதிப்பார்கள், அவர்களுக்கு ஒழுங்கில்லை என்று நாமே திட்டுவோம். ரயில் பாதை, விரைவுச்சாலை என்றால் பாலம் சரி. ஊருக்குள் ஓடும் தெருவில் அது வண்டிகள் நிற்காமல் போவதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான்.

சிக்னலில் நடப்பவரின் வேகத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவது பழைய வழக்கம். அமெரிக்கப் போக்குவரத்துக் கையேட்டிலேயே 2009இல் அதை 3.5 அடியாக, அதாவது சுமார் 1.07 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். உங்கள் அப்பா அதற்கும் கீழே இருப்பார். தரையில் 10 மீட்டர் அளந்து, அவரை நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள். வாய்ப்பேச்சைவிட அந்த எண் கூட்டத்தில் எடுபடும்.

அப்புறம் நடுத்திட்டு. சாலையை அகலப்படுத்தவே வேண்டாம். லேன் ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் இருக்கும். அதை 3.1 ஆக்கினால் 2.4 மீட்டர் மிச்சம். வாக்கர், சக்கர நாற்காலி, குழந்தை வண்டி எல்லாம் நிற்க அது தாராளம். லேன் குறுகினால் ஓட்டுபவர் தானாகக் காலைத் தளர்த்துவார். அதுவும் லாபம்தான். மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்து பிரேக் போட்டால் வண்டி நிற்க 28 மீட்டர் ஆகும், 30இல் வந்தால் 13. இதில் ஒரு வினாடி, ஓட்டுபவர் சுதாரிப்பதற்கு. 30இல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், 50இல் வந்தவரின் கால் பிரேக்கையே தொட்டிருக்காது.

முதல்_கியர்:

நான் பஸ் ஓட்டுகிறேன். 3.1 என்று காகிதத்தில் போடுவது சுலபம் சார். பஸ் உடம்பே இரண்டரை மீட்டர், கண்ணாடி இரண்டும் தனி. ஓரத்தில் சைக்கிள் வந்தால் நான் எங்கே ஒதுங்குவேன்? மற்றபடி நடுத்திட்டு எனக்கும் நல்லதுதான். இறங்கி ஓடுகிற என் பயணிகள்தானே சாலையைக் கடக்கிறார்கள். வேகத்தடை மட்டும் கேட்காதீர்கள், நின்று வருபவர்களுக்கு இடுப்பு போய்விடும். கிராசிங்கையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, இரண்டு பக்கமும் நீளமாகச் சரிவு கொடுத்தால் மெதுவாக ஏறி இறங்கிவிடுவேன்.

கோடு_போடுறவன்:

நியாயம். ஓர லேன் இரண்டும் 3.3, மற்ற நான்கும் 3.0. கூட்டினால் அதே 18.6, திட்டு அப்படியே நிற்கும். ஆனால் சைக்கிளுக்கு அதில் இடமில்லை. அதற்குத் தனிப் பாதை வேண்டுமென்றால் ஒரு லேனையே எடுக்க வேண்டும். அந்தச் சண்டையையும் போடலாம், போட வேண்டியதுதான்.

வெள்ளைக்_கம்பு:

எனக்குப் பார்வை இல்லை. மட்டம் உயர்த்தின கிராசிங் வாக்கருக்குச் சுகம். எனக்கோ நடைபாதை எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று கம்புக்குத் தெரியாது. விளிம்பில் புள்ளி ஓடு, அதாவது காலுக்கும் கம்புக்கும் தட்டுப்படுகிற மாதிரி புள்ளிகள் புடைத்த தரை ஓடு, கட்டாயம் வேண்டும். ஜப்பானில் செய்ச்சி மியாக்கே என்பவர் 1965இல் கண்டுபிடித்தது, 1967இல் ஒகயாமாவில் முதலில் பதித்தார்கள். கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். இவ்வளவுதான் பாஷை. அதையும் அலங்காரம் என்று நினைத்து மாற்றிப் பதிக்கிறார்கள். ஒருமுறை கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் விளக்குக் கம்பத்தில் நெற்றியை இடித்தேன்.

இன்னொன்று. நடுத்திட்டு வந்ததும், “பாதி தூரத்துக்குப் பச்சை போதும், அங்கே நின்று அடுத்ததில் போகட்டும்” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் வண்டி ஓட, எந்தப் பக்கத்து சிக்னல் ஒலிக்கிறது என்று தெரியாமல் திட்டில் நின்று பாருங்கள், புரியும். முழுச் சாலைக்கும் சேர்த்து நேரம் கேளுங்கள். திட்டு, முடியாமல் போனால் நிற்பதற்கு.

நடராஜா_சர்வீஸ்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அளந்தோம். கடிகாரம் பிடித்தது அண்ணன்தான், நான் கூப்பிடவில்லை, அவனே வந்தான். 10 மீட்டருக்கு 14 வினாடி. 21 மீட்டருக்கு முப்பது என்று வைத்துக்கொள்ளலாம். சிக்னலில் மினுங்குவதையும் சேர்த்துக் கிடைப்பது 18.

நீங்கள் சொன்னதை மனுவில் இப்படி எழுதிவிட்டேன்: முழுச் சாலைக்கும் 30 வினாடி, நடுவில் 2.4 மீட்டர் திட்டு, விளிம்பில் புள்ளி ஓடு. சைக்கிள் பாதைக்கு ஒரு லேன், அது தனித் தாளில்.

அளந்து முடித்ததும் அப்பா கேட்டார், “நேரம் அதிகமாயிடுச்சா? வேணும்னா இன்னொரு தடவை வேகமா நடக்கட்டுமா?” வேண்டாம்பா, எப்பவும்போல நடங்க என்றேன்.