மொகலாய ஏட்டில் படத்துக்கும் பின்பக்க எழுத்துக்கும் சம்பந்தம் உண்டா?

சட்டக்கடைக்காரன், சுங்கை சிப்புட்:
வணக்கம். சாமி படம், பட்டமளிப்புப் படம், மலாய்க்காரர் வீடுகளுக்குக் ‘காட்’ என்கிற அரபு அழகெழுத்து, இவற்றுக்குச் சட்டம் போடுவதுதான் என் அன்றாட வேலை. தோட்டத்துப் பள்ளி வாத்தியார் ஒருவர் மொகலாய ஆல்பம் ஏட்டின் நகல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ஷாஜகான், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், ஓரமெல்லாம் பூச்செடிகள். மறுபக்கம் சாய்வாக நான்கு வரி பாரசீக எழுத்து. ஒவ்வொரு வரியையும் மேகம் மாதிரிக் கோடு போட்டுச் சுற்றி, மிச்ச இடத்தைத் தங்கத்தால் நிரப்பியிருக்கிறது. “ராஜா கதைதான் எழுதியிருக்கும். அதை நகலெடுத்து, படத்துக்குக் கீழே ஒட்டிப் போடுங்கள்” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதோடு, அந்த எழுத்துக்குத் தலை எது, கால் எது?

பழைய ஓவியப் பிரியை, தாப்பா:
ஒட்டாதீர்கள் அண்ணே. அது ராஜா கதையாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்த ஆல்பங்களில் படமும் எழுத்தும் தனித்தனியாகச் சேர்த்தவை. எழுத்துப் பக்கம் பெரும்பாலும் காதல் கவிதையோ ஞானக் கவிதையோதான். பல ஏடுகள் மீர் அலி என்ற அழகெழுத்துக் கலைஞர் கைப்பட எழுதியவை. ஹெராத்தில் (இன்றைய ஆப்கானிஸ்தான்) இருந்த அவரை 16-ஆம் நூற்றாண்டில் உஸ்பெக்குகள் புகாராவுக்கு (இன்றைய உஸ்பெகிஸ்தான்) கொண்டுபோனார்கள். எழுத்துத் திறமையே காலுக்கு விலங்காகிவிட்டது என்று கவிதையிலேயே புலம்பியவர். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து ஜஹாங்கீரும் (ஆட்சி 1605–1627) ஷாஜகானும் அவருடைய துண்டுத் தாள்களைத் தேடிச் சேர்த்தார்கள். அரண்மனைப் பட்டறையில் அவற்றை அட்டையில் ஒட்டி, ஓரம் வரைந்து, படங்களோடு கட்டினார்கள். அன்றைக்கு ஓவியரைவிட அழகெழுத்துக் கலைஞருக்குத்தான் மவுசு, அதனால் எழுத்தைப் படத்தின் விளக்கமாக்குவது தலைகீழ் வேலை.

ஆல்பத்தை விரித்தால் படத்துக்கு எதிரே படம், அடுத்த விரிப்பில் எழுத்துக்கு எதிரே எழுத்து. எதிரெதிர் ஓரங்களும் ஜோடியாகப் பொருந்தும்.

தலை கால் பிரச்சினை சுலபம். வரிகள் வலது கீழிருந்து இடது மேலே ஏறவேண்டும். எழுதியவர் பெயர் பெரும்பாலும் இடது கீழ் மூலையில் பொடியாக இருக்கும்.

நூலகத்துத் தம்பி, ஈப்போ:
அக்கா சொல்வது சரி. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், இதே மாதிரி மொகலாய ஆல்பமான கெவோர்க்கியன் ஆல்பத்தின் 41 ஏடுகள் இருக்கின்றன. படத்தைச் சுற்றிக் கட்டங்களில் ஒட்டியிருக்கும் பொடி வரிகளுக்குக்கூடப் படத்தோடு சம்பந்தம் இல்லாமல் போவதுண்டு. நேரில் பார்க்க, கோலாலம்பூர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கூடமே இருக்கிறது. இன்னொன்று: ஒரே ஏட்டில் இரண்டு விலை பார்க்க, வணிகர்கள் தாளையே நடுவில் பிளந்து படத்தைத் தனியாக, எழுத்தைத் தனியாக விற்றிருக்கிறார்கள். ஷாஜகான் கடைசிக் கால ஆல்பத்துக்குப் பாரிஸில் இந்தக் கதிதான்.

சட்டக்கடைக்காரன், சுங்கை சிப்புட்:
தாளைப் பிளப்பதா! அட்டையில் கோணலாய் ஒட்டிய படத்தைப் பிரிக்கவே எனக்குக் கை நடுங்கும். பெயர் நீங்கள் சொன்ன மூலையிலேயே இருக்கிறது. வாத்தியாரிடம் பேசியாச்சு, முன்னும் பின்னும் கண்ணாடி போட்டு, இரண்டு பக்கமும் தெரிகிற சட்டம். சுவரில் மாட்ட முடியாது, மேசையில் நிற்கிற மாதிரி சட்டத்துக்குக் கால் வைத்துச் செய்கிறேன். தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாமல் ஓரத்தில் அட்டை இடைவெளி விடவேண்டும். நம்ம ஊர் ஈரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் போதும், யாராவது செய்திருக்கிறீர்களா?