வேளாங்கண்ணிக்கு வருவோரிடம் ‘மதம்’ எது என்று கேட்பது சரியா?

கேள்வி (முதுகலை ஆய்வு மாணவி):
ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 திருவிழா வரை வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து வருவோரைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். வினாநிரலின் முதல் வரி ‘மதம்’. முன்னோட்டமாகப் பேசியபோது, முடியிறக்கியிருந்த ஓர் அம்மா, “நாங்க இந்துதான், மாதா எங்க வீட்டுச் சாமி” என்றார். இதைக் ‘கலப்பு வழிபாடு’ என்று எழுதும்போதெல்லாம் அவர் சொன்னதைத் திரிக்கிறேனோ என்று மனம் உறுத்துகிறது.

மறுமொழி 1:
தங்கள் உறுத்தல் நியாயமானது. கலப்பு என்றால், கலவாத இரண்டு முன்பே இருந்தன என்று பொருளாகிவிடும். அந்த அம்மாவின் வீட்டில் அப்படி இரண்டு இருந்ததில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி முதல் பூதவாதி வரை பல சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கிறார்கள்; அங்கே சமயம் என்பது வாதிடுவோரின் கோட்பாடு, நேர்ந்துகொண்டு கோயிலுக்கு வருபவரின் அடையாளம் அன்று. மதம் என்பதை எல்லை வகுத்த தனிப்பொருளாகக் காண்பது ஐரோப்பாவிலேயே பிற்காலத்தில் உருவான வழக்கம் என்று சமய வரலாற்றாய்வாளர் வில்ஃபிரெட் கான்ட்வெல் ஸ்மித் 1962இல் விரிவாக வாதிட்டார். எனவே நேர்த்திக்கடனிலிருந்து தொடங்குங்கள்: யார் நேர்ந்துகொண்டார், எதற்காக, வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்?

மறுமொழி 2:
பெரிதும் உடன்படுகிறேன், ஆனால் எல்லையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கும், 1956இல் சேர்க்கப்பட்ட சீக்கியருக்கும், 1990இல் சேர்க்கப்பட்ட பௌத்தருக்கும் மட்டுமே உண்டு. கிறித்தவராகப் பதிந்த தலித் ஒருவர் அதை இழக்கிறார். ஆகவே முன்பின் தெரியாத ஒருவர் தாளும் பேனாவுமாக வந்து மதத்தைக் கேட்டால், வரும் விடையில் நம்பிக்கையோடு பிள்ளையின் படிப்பும் வேலையும் கலந்திருக்கக்கூடும். வற்புறுத்தாதீர்கள், பெயரையும் ஊரையும் குறிக்காதீர்கள்.

மறுமொழி 3:
நாகப்பட்டினத்திற்கு வடக்கே நாகூர் தர்காவிலும் இந்துக்கள் முடியிறக்குகிறார்கள். இரண்டு இடங்களுக்கும் செல்லும் குடும்பம் ஒன்றேனும் கிடைத்தால், அவர்களோடு ஒரு நாள் முழுவதும் இருந்து பாருங்கள். நூறு படிவங்களை நிரப்புவதைவிட அது பயன் தரும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மதம் என்ற வரியை முதலிலிருந்து எடுத்துவிட்டேன். பேச்சில் அவர்களாகவே சொன்னால், எந்தச் சூழலில் சொன்னார்கள் என்பதோடு சேர்த்துக் குறித்துக்கொள்வேன். அந்த அம்மாவின் சொற்களை எந்த வகைப்பாட்டிலும் அடைக்காமல், முதல் இயலின் தொடக்கத்தில் அப்படியே வைக்கப்போகிறேன்.